அனுப்ப இன்னும் எவ்வளவு பாக்கி?

என் வேலையில் பெரும்பகுதி மோடம் லாக் படிப்பது. போனுக்கும் பேஸ் ஸ்டேஷனுக்கும் நடுவே ஒவ்வொரு மில்லிசெகண்டும் ஓடுகிற செய்திகளை வரிவரியாகப் பிரித்து, எங்கே தடங்கியது என்று கண்டுபிடிக்க வேண்டும். அந்த வரிகளில் என் கண் முதலில் தேடுவது பஃபர் ஸ்டேட்டஸ் ரிப்போர்ட்டை. சுருக்கமாக பிஎஸ்ஆர். பல சமயம் அது ஒரே ஒரு பைட். 'என் பஃபரில், அதாவது டேட்டா அனுப்பக் காத்திருக்கும் தற்காலிக இடத்தில், இவ்வளவு இருக்கிறது' என்று போன் சொல்வது, அவ்வளவுதான். வீடியோ காலில் நம் படம் மட்டும் எதிர்முனையில் உறைந்து நிற்பது, சிக்னல் கோடுகள் முழுதாக இருந்தும் ஒரு சின்ன மெசேஜ் போகத் தயங்குவது போன்ற புகார்களோடு வரும் லாக்குகளைத் திறந்தால், ரேடியோ நன்றாகவே இருக்கும். சிக்கல் இந்த ஒரு பைட்டைச் சுற்றி இருக்கும். இதைப் பற்றி எழுத வேண்டும் என்று ரொம்ப நாளாக ஆசை.

டவுன்லிங்கில், அதாவது பேஸ் ஸ்டேஷனிலிருந்து போனுக்கு வரும் திசையில், இந்தத் தலைவலியே கிடையாது. போனுக்குப் போக வேண்டிய டேட்டா பேஸ் ஸ்டேஷனிலேயே வந்து குவிகிறது. யாருக்கு எவ்வளவு பாக்கி என்பது, யாருக்கு எப்போது இடம் என்று முடிவெடுக்கும் அங்கிருக்கும் ஷெட்யூலருக்கு நேரடியாகத் தெரியும். போனிலிருந்து போகும் திசையான அப்லிங்கில் நிலைமை தலைகீழ். முடிவெடுப்பவர் பேஸ் ஸ்டேஷனில், டேட்டா போனில். 4ஜி, 5ஜியில் வழக்கமான முறையில் போன் தன் இஷ்டத்துக்கு டேட்டாவை அனுப்ப முடியாது. எந்த நேரத்தில், எந்த அலைவரிசைத் துண்டில், எத்தனை பிட் என்று பேஸ் ஸ்டேஷன் கிராண்ட் என்ற அனுமதியைக் கொடுத்த பிறகுதான் வாய் திறக்கலாம். கிராண்ட் கொடுப்பவருக்கோ போனின் பஃபருக்குள் எட்டிப் பார்க்க வழியில்லை. போன் சொன்னால்தான் உண்டு.

3ஜி தர விதிகளின் ரிலீஸ் 6 பதிப்பில் வந்த, அப்லிங்க் வேகத்தைக் கூட்டும் ஹெச்எஸ்யுபிஏ இதற்கு வைத்திருந்த ஏற்பாடு எனக்கு இன்றும் பிடிக்கும். ஹேப்பி பிட் என்றே அதற்குப் பெயர். கொடுத்த அனுமதியை முழுதாகப் பயன்படுத்திக்கொண்டிருக்கிறேன், இன்னும் அனுப்ப எனக்குப் பவர் இருக்கிறது, ஆனால் இந்த வேகத்தில் போனால் பஃபர் காலியாகக் குறித்த நேரத்துக்கு மேல் ஆகும் என்ற மூன்றும் சேர்ந்தால் போன் தனக்குத் திருப்தியில்லை என்று அந்த ஒரு பிட்டில் சொல்லும். அளவு சொல்ல 18 பிட் கொண்ட தனிச் செய்தியும் உண்டு. 2008இல் 4ஜியான எல்டிஇ, ரிலீஸ் 8 ஆக வந்தபோது இவற்றின் இடத்தில் பிஎஸ்ஆர் உட்கார்ந்தது. விதிகள் எல்லாம், தரங்களை வகுக்கும் 3ஜிபிபி அமைப்பின் 36.321 ஆவணத்தில், 5ஜிக்கு 38.321இல்.

இனி அந்த பைட்டைப் பிரித்துப் பார்க்கலாம். எல்டிஇயில் குறு வடிவ பிஎஸ்ஆரின் 8 பிட்டில் 2 பிட், குரல், வீடியோ என்று வகைப்படி பிரித்த டேட்டாவில் எந்தக் குழு என்பதற்கு. மீதி 6 பிட் அளவுக்கு. 6 பிட்டில் 64 எண்கள்தான் அடங்கும். பஃபரிலோ சில பைட்டும் இருக்கலாம், லட்சம் பைட்டும் இருக்கலாம். அதனால் போன் பைட் எண்ணிக்கையை அப்படியே சொல்வதில்லை, ஒரு அட்டவணையின் வரிசை எண்ணைச் சொல்கிறது. 0 என்றால் காலி. 1 என்றால் 10 பைட் வரை. 20 என்றால் 171க்கு மேல், 200 வரை. 62 என்றால் 1,28,125க்கு மேல், 1,50,000 வரை. 63 என்றால் அதற்கும் மேல், எவ்வளவு மேல் என்று கேட்கக் கூடாது. பிறகு வந்த நீட்டித்த அட்டவணை 30,00,000 பைட் வரை போகும்.

இந்த அட்டவணையின் படிகள் சம உயரம் கொண்டவை அல்ல. ஒவ்வொரு படியும் முந்தையதைவிட ஏறக்குறைய 17 சதவீதம் பெரிது. 15 பைட் இருக்கும்போது 2 பைட் தவறினால் அது பெரிய விஷயம். ஒரு லட்சம் இருக்கும்போது 2 பைட்டை யார் பார்க்கப் போகிறார்கள்? தவறு எவ்வளவு பைட் என்பதைவிட, மொத்தத்தில் எத்தனை பங்கு என்பதுதான் ஷெட்யூலருக்கு முக்கியம். இதை யோசித்து வடிவமைத்தவர்கள் மேல் எனக்கு மரியாதை உண்டு.

5ஜியில் குழுக்கள் 4இலிருந்து 8 ஆயின. எனவே குறு வடிவத்தில் குழு எண்ணுக்கு 3 பிட் போய்விட, அளவுக்கு 5 பிட்தான் மிச்சம். 32 வரிசை எண்கள், அதே 1,50,000 வரை. படிகள் இப்போது 39 சதவீதம் எகிறுகின்றன. உதாரணமாக வரிசை எண் 21 என்றால் பஃபரில் 5,446க்கு மேல், 7,587 வரை ஏதோ ஒரு அளவு. உண்மையில் 5,500தான் இருக்கிறது, ஷெட்யூலர் 7,587க்குக் கிராண்ட் கொடுத்தால் 2,000 பைட்டுக்கு மேல் வெறும் பேடிங்காக, அதாவது இடத்தை நிரப்பும் வெற்று பிட்களாகப் போகும். 5,446க்குக் கொடுத்தால் கடைசி பாக்கெட்டின் வால் பஃபரிலேயே தொங்கும். நான் எப்போதும் மேல் எல்லையின் பக்கம்தான். காரணம் கீழே வருகிறது.

ஒன்றுக்கு மேற்பட்ட குழுக்களில் டேட்டா இருந்தால் நெடு வடிவம். 5ஜியில் அதில் முதல் பைட் எந்தெந்தக் குழுவுக்கு அளவு வருகிறது என்ற பிட்மேப், பிறகு குழுவுக்கு ஒரு முழு பைட். 8 பிட் கிடைப்பதால் படிகள் 6, 7 சதவீதத்துக்குச் சுருங்கி, உச்சம் 8,13,38,368 பைட் வரை எட்டுகிறது. இடம் போதாதபோது அனுப்ப, கத்தரித்த வடிவமும் இருக்கிறது.

சரி, அறிக்கையில் என்ன இருக்கிறது என்று பார்த்தாயிற்று. அதை அனுப்புவதற்கே கிராண்ட் வேண்டுமே? அதற்குத்தான் ஷெட்யூலிங் ரிக்வெஸ்ட். கட்டுப்பாட்டுச் சேனலில் போனுக்கென்று குறித்துவைத்த நேரத்தில் போகும் ஒரே ஒரு சைகை. 'ஏதோ இருக்கிறது' என்பதைத் தவிர அதில் அளவு கிடையாது. எல்டிஇயில் இந்த வாய்ப்பு 10 மில்லிசெகண்டுக்கு ஒரு முறை என்று வைத்தால், டேட்டா வந்த பிறகு சராசரியாக 5 மில்லிசெகண்ட் அதற்காகவே காத்திருக்க வேண்டும். பேஸ் ஸ்டேஷன் அதைப் படித்து ஒரு சின்னக் கிராண்ட் கொடுக்கும். கிராண்ட் வந்து 4 மில்லிசெகண்ட் கழித்து போன் அதில் பிஎஸ்ஆரை வைத்து அனுப்பும். பேஸ் ஸ்டேஷன் மறுபடி படித்து, சரியான அளவில் இன்னொரு கிராண்ட். இன்னொரு 4 மில்லிசெகண்ட். டேட்டா காற்றில் ஏறுவதற்குள் 20 மில்லிசெகண்ட் சுலபமாக ஓடிவிடும். 5ஜியில் துணை அலைகளுக்கு நடுவே 30 கிலோஹெர்ட்ஸ் இடைவெளி வைத்தால், ஸ்லாட் என்ற ஒரு நேரத்துண்டு அரை மில்லிசெகண்ட்தான் என்பதால் எல்லாம் சுருங்கும். ஆனால் ஒரே அலைவரிசையை மேலும் கீழும் மாறி மாறிப் பயன்படுத்தும் டிடிடி முறையில், ஐந்து ஸ்லாட்டில் ஒன்றுதான் அப்லிங்குக்கு என்றால் ஒவ்வொரு கட்டத்திலும் அந்த ஒன்றுக்காகக் காத்திருக்க வேண்டும்.

அப்லோட் வேகத்தை அளக்கும் சோதனைகளில் இந்தத் தாமதம் தெரியவே தெரியாது. அங்கே பஃபர் ஒருபோதும் காலியாவதில்லை. டேட்டாவோடு டேட்டாவாக பிஎஸ்ஆரும் போய்க்கொண்டே இருக்கும், கிராண்டுகள் சங்கிலியாக வரும். கொஞ்சம் அனுப்பி, சும்மா இருந்து, மறுபடி கொஞ்சம் அனுப்பும் பயன்பாடுதான் ஒவ்வொரு முறையும் முழுச் சுற்றுக்கும் விலை கொடுக்கிறது. மெசேஜ், விளையாட்டு, வீடியோ காலின் ஒவ்வொரு ஃப்ரேம் எல்லாம் இந்த வகை. டவுன்லோடும் தப்பாது. டேட்டா சரியாகச் சேர்ந்ததா என்று பார்க்கும் இணைய விதிமுறையான டிசிபி, வந்த டேட்டாவுக்கு அனுப்பும் ஒப்புதல்கள் அப்லிங்கில்தான் போயாக வேண்டும். அவை தாமதமானால் எதிர்முனை சர்வர் தன் வேகத்தை ஏற்றத் தயங்கும். அதனால் சோதனை எண்ணைக் காட்டி 'நெட்வொர்க் நன்றாகத்தான் இருக்கிறது' என்று யாராவது வாதாடினால் நான் ஒப்புக்கொள்வதில்லை.

அடுத்தது, போன் எப்போது அறிக்கை கொடுக்கும் என்பது. எனக்கு இதில் மிக முக்கியமாகப் படுவது இந்த இடம்தான், ஆனால் பலர் இதைத் தாண்டிப் போய்விடுகிறார்கள். டேட்டா வந்தவுடன் அறிக்கை போகும் என்றுதான் யாரும் நினைப்பார்கள். அப்படி இல்லை. வழக்கமான பிஎஸ்ஆர் கிளம்புவதற்கு, காலியாக இருந்த பஃபரில் டேட்டா வர வேண்டும். அல்லது ஏற்கெனவே காத்திருக்கும் டேட்டாவைவிட உயர்ந்த முன்னுரிமை கொண்ட டேட்டா வர வேண்டும். பஃபரில் 190 பைட் இருக்கும்போது அதே சேனலில் இன்னும் 8,000 பைட் வந்து சேர்ந்தால்? எதுவும் கிளம்பாது. போன் வாயைத் திறக்காது. புது பாக்கெட் ஒவ்வொன்றுக்கும் அறிக்கை என்றால் கட்டுப்பாட்டுச் சேனல் நிரம்பி வழியும், எனவே இந்த விதி நியாயமானது என்றே நினைக்கிறேன். ஆனால் அதன் விளைவை ஷெட்யூலர் எழுதுபவர் நினைவில் வைத்திருக்க வேண்டும்.

ஒரு எல்டிஇ நெட்வொர்க்கிலிருந்து வந்த லாக்கை இதற்கு உதாரணமாகச் சொல்லலாம். நேரலை வீடியோ அனுப்பும் ஆப் அவ்வப்போது மூன்றில் ஒரு பங்கு செகண்ட் திணறுகிறது என்பது புகார். சிக்னல் அருமை, நெரிசல் இல்லை, மறு அனுப்புதலும் இல்லை. திணறிய இடங்களை ஒன்றன்கீழ் ஒன்றாக அடுக்கிப் பார்த்தபோது எல்லாவற்றிலும் ஒரே வரிசை. போன் வரிசை எண் 20 என்று பிஎஸ்ஆர் அனுப்புகிறது, அதாவது 200 பைட் வரை. அது போய், கிராண்ட் திரும்பி வந்து, அதைப் பயன்படுத்துவதற்குள் 8 மில்லிசெகண்ட். அந்த இடைவெளிக்குள் ஒரு வீடியோ ஃப்ரேம் பஃபரில் வந்து விழுகிறது. பஃபர் காலியாக இல்லை, முன்னுரிமையும் அதேதான், எனவே புது அறிக்கை இல்லை. கிராண்டோ கச்சிதமாக 200 பைட்டுக்கு. பழைய பாக்கெட்டும் புது ஃப்ரேமின் ஒரு துணுக்கும் அதை நிரப்பிவிடுகின்றன. பேஸ் ஸ்டேஷன் தன் கணக்கு நோட்டைப் பார்க்கிறது: சொன்னது 200, கொடுத்தது 200, பாக்கி பூஜ்யம். அதன் பிறகு கிராண்டே வரவில்லை. போனிடம் கிட்டத்தட்ட முழு ஃப்ரேமும் காத்திருக்கிறது.

இந்த முட்டுச்சந்திலிருந்து வெளியே வர ஒரு பாதுகாப்பு டைமர் உண்டு. மறு அறிக்கை டைமர். புது டேட்டாவுக்கான ஒவ்வொரு கிராண்டிலும் அது திரும்பத் தொடங்கும். டேட்டா பாக்கி இருக்கையில் அது முடிந்தால் பிஎஸ்ஆர் மறுபடி கிளம்பும், அதற்காக ஷெட்யூலிங் ரிக்வெஸ்டும் போகும். எல்டிஇயில் அதற்கு வைக்கக்கூடிய மிகக் குறைந்த மதிப்பே 320 மில்லிசெகண்ட். திணறல் 320ம் அதற்கு மேல் கொஞ்சமும் இருந்ததன் காரணம் அதுதான். சில இடங்களில் மட்டும் திணறல் பாதியிலேயே தீர்ந்திருந்தது. அங்கெல்லாம் போன் அக்கம்பக்கத்து செல்களின், அதாவது மற்ற ரேடியோ எல்லைகளின், சிக்னலை அளந்து ஒரு அறிக்கை அனுப்ப முற்பட்டிருக்கிறது. அது உயர் முன்னுரிமைச் செய்தி. அது பிஎஸ்ஆரைக் கிளப்பிவிட, அதனோடு ஃப்ரேமும் தப்பித்துவிட்டது. இந்த ஒரு விவரம் கிடைத்தபோது எனக்கு ஏற்பட்ட நிறைவைச் சொல்லி முடியாது. ஊகமாக இருந்தது உறுதியானது அந்த நொடியில்தான்.

தீர்வாக முதலில் வந்த யோசனை, குறித்த இடைவெளியில் அறிக்கையைக் கிளப்பும், ஆனால் அணைந்து கிடந்த பீரியாடிக் பிஎஸ்ஆர் டைமரை 20 மில்லிசெகண்டுக்குப் போடுவது. கேட்க சரியாகத்தான் இருக்கும், ஆனால் வேலை செய்யாது. பீரியாடிக் பிஎஸ்ஆருக்குத் தானாக ஷெட்யூலிங் ரிக்வெஸ்ட் அனுப்பும் உரிமை கிடையாது. கையில் கிராண்ட் இருந்தால் அதில் ஏறிப் போகும், இல்லையென்றால் காத்திருக்கும். முதல் பிஎஸ்ஆருக்கும் அதற்கான கிராண்டுக்கும் நடுவே 8 மில்லிசெகண்ட்தான். 20க்கு வைத்த டைமர் அந்தக் கிராண்ட் போகும்போது இன்னும் முடிந்திருக்காது. அது முடியும்போது கையில் கிராண்ட் இருக்காது. டைமர் அந்தச் சுற்றுக்குள்ளேயே முடிய வேண்டும். 5 மில்லிசெகண்டுக்கு வைத்தபோது ஒவ்வொரு கிராண்டிலும் புது அறிக்கையும் சேர்ந்தே போனது, திணறல் நின்றது. செலவு? ஹெடரோடு, அதாவது என்ன செய்தி என்று முன்னால் ஒட்டும் குறிப்போடு, சேர்த்து 2 பைட். டேட்டாவைவிட பிஎஸ்ஆருக்கு முன்னுரிமை என்பதால் கிராண்ட் எவ்வளவு கச்சிதமாக இருந்தாலும் அதற்கு இடம் கிடைத்துவிடும்.

கிராண்ட் கொடுப்பதில் கஞ்சத்தனம் கூடாது என்று நான் அடித்துச் சொல்வதும் இதனால்தான். பேடிங் பிஎஸ்ஆர் என்று ஒன்று இருக்கிறது. டேட்டா எல்லாம் ஏறிய பிறகும் கிராண்டில் இடம் மிஞ்சினால், வெறுமையாக அனுப்புவதற்குப் பதில் போன் அதில் அறிக்கையை வைக்கும். கொஞ்சம் தாராளமாகக் கொடுத்தால் பஃபர் உண்மையிலேயே காலியாகிவிட்டது என்ற உறுதியாவது கிடைக்கும். கச்சிதமாகக் கொடுத்தால் அந்த உறுதியும் இல்லை. போதாக்குறைக்கு, போன் சொல்லும் அளவில் டேட்டாவை ரேடியோவுக்கு ஏற்றபடி பொதியும் ஆர்எல்சி, மேக் அடுக்குகளின் ஹெடர்கள் சேராது என்று விதியே சொல்கிறது. 5ஜியில் ஒவ்வொரு பாக்கெட்டுக்கும் தனித்தனி ஹெடர். 50, 60 பைட் டிசிபி ஒப்புதல்களாக நிறைய குவிந்திருந்தால் அறிக்கையில் வராத பைட்டுகள் கணிசமாகச் சேரும். கடைசி பாக்கெட்டின் 14 பைட் வால் மட்டும் போகாமல் நின்றாலும், அந்த பாக்கெட் முழுதும் வராததற்குச் சமம். மேல் எல்லைக்குக் கிராண்ட் கொடுக்க வேண்டும் என்று சொன்னது இதனால்தான்.

குழுக்களைப் பற்றி ஒரு வார்த்தை. பேஸ் ஸ்டேஷன் ஒரு குழுவின் பாக்கியைப் பார்த்துக் கொடுக்கும் கிராண்டை போன் அந்தக் குழுவுக்குத்தான் செலவழிக்க வேண்டும் என்று இல்லை. எதை முதலில் ஏற்றுவது என்பது போனுக்குள் இருக்கும் முன்னுரிமைக் கணக்கு. வீடியோவுக்கு என்று நினைத்துக் கொடுத்ததில் குரல் முதலில் ஏறும். எனவே கணக்கு நோட்டில் எந்தக் குழுவின் பாக்கியைக் கழிப்பது என்பதில் பேஸ் ஸ்டேஷன் தடுமாறினால், மொத்தம் சரியாக இருந்தும் பிரிவுகள் தப்பாகும். அடுத்த அறிக்கை வரும்வரை அதுதான் நிலை. அப்புறம், பிஎஸ்ஆர் கணக்கில் வருவது மோடத்துக்குள் வந்துவிட்ட டேட்டா மட்டும். ஆபரேட்டிங் சிஸ்டத்தின் பஃபரில் இன்னும் இறங்காமல் இருப்பதைப் பற்றி அது ஒன்றும் சொல்லாது.

செயற்கைக்கோள் வழி 5ஜியில் இதெல்லாம் இன்னும் கூர்மையாகத் தெரியும். 35,786 கிலோமீட்டர் உயரத்தில் இருக்கும் புவிநிலை செயற்கைக்கோள் வழியாகப் போய் வர அரை செகண்டுக்கு மேல் ஆகும். ரிக்வெஸ்ட், கிராண்ட், அறிக்கை, மறுபடி கிராண்ட் என்று இரண்டு முழுச் சுற்று போனால் டேட்டா கிளம்புவதற்கே ஒரு செகண்ட் தாண்டிவிடும். அங்கே முன்கூட்டியே கிராண்ட் கொடுத்து வைக்காமல் காலம் தள்ள முடியாது.

2024இல் முடிந்த ரிலீஸ் 18 இந்த அறிக்கையில் இரண்டு நல்ல மாற்றங்களைக் கொண்டுவந்தது. இரண்டும் மெய்நிகர் கண்ணாடி வகைக் கருவிகளை மனதில் வைத்துச் செய்தவை. ஒன்று, படிகளை நெருக்கமாக்கிய புது அளவு அட்டவணை. பெரிய வீடியோ ஃப்ரேம்களில் 6, 7 சதவீதப் பிழை கூட ஆயிரக்கணக்கான பைட் வீண் என்பதால். மற்றொன்று, என் பார்வையில் இன்னும் முக்கியமானது, தாமத அறிக்கை. எவ்வளவு பாக்கி என்பதோடு, அதில் எவ்வளவு சீக்கிரத்தில் காலாவதியாகப் போகிறது, இன்னும் எவ்வளவு நேரம் இருக்கிறது என்பதையும் போன் சொல்லும். 10,000 பைட் என்பது இன்னும் 50 மில்லிசெகண்ட் பொறுக்கும் 10,000மா, 3 மில்லிசெகண்டில் குப்பைக்குப் போகும் 10,000மா என்று ஷெட்யூலருக்கு இத்தனை காலம் தெரிய வழியே இல்லாமல் இருந்தது.

தாராளமாகக் கொடு என்றால் உடனே எழும் எதிர்வாதம், போனின் பேட்டரியும் பக்கத்து செல்லுக்குப் போகும் இரைச்சலும். நியாயமான கவலைதான். அனுப்ப ஒன்றுமில்லாத போனுக்குக் கிராண்ட் கொடுத்தால் அது வெறும் பேடிங்கைப் பவர் செலவழித்து அனுப்பிக்கொண்டிருக்கும். ஆனால் அதற்கும் வழி இருக்கிறது. டேட்டா இல்லாதபோது கிராண்டை விட்டுவிட போனுக்கு அனுமதி கொடுக்கும் அமைப்பு எல்டிஇயில் ரிலீஸ் 14இலேயே வந்தது, 5ஜியிலும் உண்டு. அதை இயக்கிவிட்டால் உபரிக் கிராண்டால் போனுக்கு நஷ்டம் குறைவு. பேஸ் ஸ்டேஷனுக்கு வேறு வேலை சேரும். வெறுமையாக வந்த ஸ்லாட், போன் வேண்டுமென்றே விட்டதா, கிராண்ட் செய்தியே போன் காதில் விழவில்லையா என்று அது பிரித்தறிய வேண்டும். முன்னதென்றால் பாக்கி பூஜ்யம், பின்னதென்றால் பாக்கி அப்படியே இருக்கிறது. இரண்டையும் ஒன்றாக எடுத்துக்கொண்டு பாக்கியைப் பூஜ்யமாக்கும் ஷெட்யூலர்கள் இருக்கின்றன. இப்போது என் மேஜையில் திறந்திருக்கும் லாக்கும் அந்த வகைதான். இது 5ஜி, இதில் மறு அறிக்கை டைமர் 40 மில்லிசெகண்டில் இருக்கிறது. திணறல்களும் ஏறக்குறைய அதே நீளம்.